சந்தனக் கலர் பிடிக்காத முன்சீட்டு

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கண்ணால் கண்டவர்கள் மூன்று பேர். மூவரும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள்.

பேய் என்றால் நடுநிசி, ஒற்றைப் பனைமரம், நாய் ஊளை என்று நினைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தவர்கள் அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். இது நடந்த நேரம் பட்டப்பகல். வைகாசி வெயில் தார்ச்சாலையைக் கொதிக்க வைக்கிற நேரம். நடந்த இடம் திருத்தணி, சித்தூர் சாலை, தகரக் கூரை போட்ட ஒரு கார் குஷன் கடை. மணி, நாள் தவறாமல், பன்னிரண்டு நாற்பது.

வேதாசலத்துக்கு அறுபத்தொன்பது வயது. கனகம்மாசத்திரத்துக்கு உள்ளே தள்ளிப் பத்துத் தலைமுறையாக நிலம் வைத்திருக்கிற குடும்பம். நடக்கும்போது அவர் முதுகு வளைந்து பார்த்தவர்கள் கிடையாது. யாரிடமும் தணிந்து பேசியதும் கிடையாது. அவருடைய கோபம் ஊருக்கே தெரியும். அதிலும் ஒரு கோபத்தை அவர் நாற்பத்திரண்டு வருஷமாக ஆறவிடாமல் வைத்திருந்தார். அது கூடப் பிறந்த அண்ணன் சுந்தரமூர்த்தியின் மேல்.

காரணம் ஒரு கார். அவர்களுடைய அப்பா ஜெகநாதன் வைத்திருந்த அம்பாசிடர். வீட்டில் அவரை நைனா என்பார்கள். 1983-இல் வேதாசலத்தின் கல்யாணத்துக்காக நைனா அந்தக் காரின் சீட்டு, கதவுப் பேடு, டேஷ்போர்டு எல்லாவற்றுக்கும் புதிதாகச் சந்தனக் கலர் ரெக்சின் போட்டார். மாப்பிள்ளை அழைப்புக்கு வேதாசலம் அந்தச் சந்தனச் சீட்டில் உட்கார்ந்துதான் ஊர்வலம் வந்தார். கல்யாணம் முடிந்து நாற்பது நாளில், யாரையும் கேட்காமல், சுந்தரமூர்த்தி உள்ளே முழுக்கக் கருப்பு அடித்துவிட்டார். சீட்டு, கதவு, டேஷ்போர்டு, ஒரு விரற்கடை விடாமல் கருப்பு.

"என் கல்யாணக் காருக்குக் கரி பூசினவன் எனக்கு அண்ணன் இல்லை" என்று வேதாசலம் அன்றைக்குச் சொன்னார். நைனா ஒரு வார்த்தை பேசவில்லை. மனம் நொந்துதான் பேசாமல் இருக்கிறார் என்று வேதாசலம் எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் நைனா போய்விட்டார். பாகத்தில் கார் அண்ணனுக்குப் போயிற்று. அண்ணனும் ஏழு மாதத்துக்கு முன் போய்விட்டார். வேதாசலம் சாவுக்கும் போகவில்லை.

காரியம் முடிந்த பிறகு அண்ணி தாயம்மாள் காரை அனுப்பி வைத்தாள். கூடவே ஒரு வரி சொல்லி அனுப்பினாள்: "வண்டி உங்களது. கலரை மட்டும் தொடாதீங்க."

அவர் கோபத்தைக் கிளற அந்த ஒரு வரி போதாதா?

பேத்தி யுவஸ்ரீயின் கல்யாணம் திருத்தணி மண்டபத்தில் நிச்சயமாகியிருந்தது. ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. நைனாவின் காரில், நைனா போட்ட சந்தனக் கலரில், நைனா உட்கார்ந்த முன்சீட்டில் மாப்பிள்ளை வந்து இறங்க வேண்டும். அண்ணன் பூசிய கரியை ஊர் பார்க்கத் துடைக்க வேண்டும். வேதாசலத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடைக்காரி துர்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். நூலுக்குச் சாயம் போடுகிற வீட்டில் பிறந்ததால் எந்தக் கலரையும் ஒரு தடவை பார்த்தால் கலந்துவிடுவாள். ரெக்சினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கலர் மாற்ற சென்னையிலிருந்துகூடப் பழைய வண்டிகள் அவளிடம் வரும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

செவ்வாய் காலை ஒன்பது இருபதுக்குக் கார் ஷெட்டுக்குள் நுழைந்தது. வேதாசலம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"இங்கியேவா உக்காரப் போறீங்க பெரியவரே? தின்னர் நாத்தம் தலைய சுத்தும்."

"என் வண்டிய விட்டுட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல. நீ வேலையப் பாரும்மா."

"ஆங். நான் வேலையப் பார்க்கறேன், நீங்க என்னப் பாருங்க. நல்லாத்தான் கீது."

சோப்புத் தண்ணீரில் கழுவினாள். தின்னர் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்கக் கருப்பு கரைந்து வழிந்தது. கருப்பின் மேல் வெளிர்க் கலர் அடித்தால் என்றைக்காவது கருப்பு எட்டிப் பார்க்குமாம். அதனால் முடிந்த மட்டும் எடுத்துவிட்டு, மெல்லிய உப்புத்தாள் போட்டு, பிறகுதான் கலராம். பன்னிரண்டு மணிக்கு மலைமேல் உச்சிக்கால மணி அடித்தபோது முன் இடதுபக்கக் கதவு வரைக்கும் வந்திருந்தாள்.

அங்கே கை நின்றது.

"பெரியவரே, இத வந்து பாருங்க."

கண்ணாடி இறங்குகிற விளிம்பில், உள்பக்கமாக ஓடும் பிளாஸ்டிக் பட்டை. கருப்புப் போன இடத்தில் பழைய சந்தனக் கலர். அதில் நான்கு கோடுகள். விரல் அகலத்துக்கு, நகம் பதிந்த மாதிரி, கலர் பிய்ந்து போயிருந்தது.

"யாரோ இறுக்கிப் புடிச்சிருக்காங்க" என்றாள் துர்கா.

"இறங்கும்போது ஏறும்போது பிடிப்பாங்க. இதுல இன்னா அதிசயம்?"

"உள்ள உக்காந்தவங்க புடிச்சா கட்டை விரல்தான் உள்பக்கம் விழும். இது நாலு விரலு. வெளிய நின்னுகினு புடிச்ச கை."

வேதாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த வண்டி யாருடையதுன்னு தெரியுமா உனக்கு? எங்க நைனா இதுல பத்துப் பிரசவத்துக்குப் பொம்பளைங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காரு. இன்னைக்கும் ஊர்ல அதச் சொல்லுவாங்க. ஆயிரம் பேர் கையெடுத்துக் கும்பிட்ட கதவும்மா இது. நாலு கோடு இருக்கத்தான் செய்யும்."

துர்கா கோட்டின் மேல் பட்டி மாவு வைத்துத் தேய்த்து மட்டமாக்கினாள்.

புதன்கிழமை கலர் கலந்தாள். நைனா காலத்துச் சந்தனம் அப்படியே வந்தது. ஸ்ப்ரே கன்னைத் தூரப் பிடித்து, பனி படிகிற மாதிரி மெல்லிசாக முதல் கோட் அடித்தாள். காய இருபது நிமிஷம். மறு கோட். மணி பன்னிரண்டு இருபத்தைந்துக்கு முன்சீட்டு ஒரு மாசு இல்லாமல் நின்றது. வேதாசலத்துக்கு நெஞ்சு நிறைந்தது. துர்கா கம்ப்ரசரை நிறுத்திவிட்டு எதிரே இருந்த மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனாள்.

ஷெட்டில் அவரும் காரும் மட்டும்.

முதலில் வந்தது வாசனை. தின்னர் வாசனைக்கு அடியில், கனமாக, வேறொன்று... விளக்கெண்ணெய்.

மணி பார்த்தார். பன்னிரண்டு நாற்பது.

பிறகு ஒரு சத்தம். சீட்டுக்குள் ஸ்பிரிங் அமுங்குகிற சத்தம். கிறீச்... ஒரே தடவை.

எழுந்து போய்ப் பார்த்தார். முன்சீட்டு, இடதுபக்கம், சாய்கிற இடத்தில் ஒரு வட்டம். உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. அந்த வட்டத்துக்குள் சந்தனக் கலர் நிற்காமல் விலகி, புள்ளி புள்ளியாக, மீன் கண் மாதிரி விட்டிருந்தது.

துர்கா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எண்ணெய். எண்ணெய் பட்டா கலரு இப்டித்தான் கண்ணு விடும். யார் தலைய வெச்சது? நீங்க சாஞ்சீங்களா?"

"நான் அதத் தொடவே இல்ல."

"அப்ப நான்தான் சரியாத் துடைக்கல போல." முணுமுணுத்துக்கொண்டே தின்னர் போட்டு மூன்று தடவை துடைத்தாள். மறுபடி அடித்தாள். காய்ந்தது. நன்றாக நின்றது.

வியாழக்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு அதே வாசனை. அதே கிறீச். அதே இடத்தில் அதே வட்டம்.

இந்தத் தடவை துர்கா சாப்பிடப் போகவில்லை. ஷெட் வாசலில்தான் நின்றாள். அவளும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வேதாசலத்தின் முகத்தில் பயம் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டதாக அவர் நினைத்தார்.

"நைனா..." என்றார்.

அது நைனாவின் இடம். சனிக்கிழமை தோறும் நைனா விளக்கெண்ணெய் வைத்துத் தலைமுழுகுவார். பெரிய மகன் பூசிய கரி போய், தான் போட்ட கலர் திரும்பி வந்ததும், வீட்டில் ஒரு கல்யாணம் என்றதும், நைனா வந்து உட்கார்ந்துவிட்டார். வேறென்ன?

"பெரியவரே" என்று துர்கா தயங்கினாள். "உங்க நைனா எவ்ளோ உயரம்?"

"ஆறடி. ஏன்?"

"இந்தத் தலை பட்ட எடம் ரொம்பக் கீழ கீது. என் தோளுக்குக்கூட வராத ஆளு. இல்லன்னா... நிமிந்து உக்கார முடியாம சரிஞ்சு உக்காந்த ஆளு."

"வாய மூடு!" ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. "கலர் அடிக்க வந்தியா, எங்க வீட்டுப் பெரியவங்கள அளக்க வந்தியா?"

அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போனார். சரிகைக்கரை வேட்டி, கதம்ப மாலை, வெற்றிலை பாக்கு, பழம், கற்பூரம். கல்யாணத்துக்கு முன் வீட்டுப் பெரியவர்களுக்குப் படைப்பது அவர்கள் வழக்கம். சுமங்கலியாகப் போனவளுக்குச் சேலை, இறந்துபோன ஆணுக்கு வேட்டி. நைனாவே நேரில் வந்திருக்கும்போது வீட்டிலிருக்கும் படத்துக்குப் படைப்பது எதற்கு? முன்சீட்டின் இடதுபக்கத்தில் வேட்டியை மடித்து வைத்தார். அந்த எண்ணெய் வட்டத்துக்கு மேல் மாலையைப் போட்டார். கற்பூரம் காட்டினார்.

பிறகு, சித்தூர் சாலையில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருக்க, டீக்கடை ஆட்கள் எட்டிப் பார்க்க, அறுபத்தொன்பது வருஷமாக வளையாத அந்த முதுகு, எண்ணெய் பிசுக்கும் சிமெண்டுத் தரையில், அந்த முன்சீட்டை நோக்கி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை துர்கா ஷட்டரைத் தூக்கியபோது வேட்டி தரையில் கிடந்தது. காரின் கதவுகள் பூட்டித்தான் இருந்தன. கண்ணாடிகள் ஏற்றித்தான் இருந்தன. வேட்டி வெளியே, இடதுபக்கச் சக்கரத்துக்கு அடியில், சேற்றில் துவைத்த மாதிரி. ஷெட்டில் சேறு கிடையாது. மழை பெய்து மாதம் இரண்டு.

மாலை மட்டும் சீட்டில் இருந்தது. ஒவ்வொரு பூவாக உதிர்க்கப்பட்டு.

"எனக்கு இந்த வேலை வேணாம் பெரியவரே. வண்டிய எடுத்துகினு போயிடுங்க."

"ஞாயிறு அழைப்பு. முடிச்சுக் குடு."

"நான் எவ்ளோ அடிச்சாலும் அங்க நிக்காது!"

வேதாசலத்துக்கு நெற்றி நரம்பு புடைத்தது. நைனாவுக்குக் கோபம். அது தெரிகிறது. யார் மேல்? தன் மேலா? தான் என்ன குறை வைத்தார்? கேட்டுவிட வேண்டியதுதான்.

"நீ போய்ச் சாப்பிடு" என்றார். "இன்னைக்கு நான் உள்ள உக்காந்து பார்க்கறேன்."

பன்னிரண்டு முப்பத்தொன்று. டிரைவர் பக்கமாக ஏறினார். கதவைச் சாத்தினார். நான்கு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. உள்ளே சூடு அடுப்பு மாதிரி. அம்பாசிடரின் முன்சீட்டு இரண்டாகப் பிரிந்ததல்ல. ஒரே நீளச் சீட்டு. அவருக்கும் அந்த வட்டத்துக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான்.

பன்னிரண்டு முப்பத்தாறு. ஒரு லாரி போயிற்று. ஷெட்டு லேசாக நடுங்கி அடங்கியது.

பன்னிரண்டு முப்பத்தொன்பது. வெளியே டீக்கடை ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது. பஸ் சத்தம் நின்றுவிட்டது. தன் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும்...

விளக்கெண்ணெய் வாசனை.

இடதுபக்கக் கண்ணாடி தானாக இறங்கத் தொடங்கியது. கைப்பிடி சுற்றவில்லை. கண்ணாடி மட்டும் இறங்கியது. கிர்ர்... கிர்ர்... பாதியில் நின்றது.

விளிம்பின் மேல் ஒரு விரல்.

இரண்டு.

மூன்று... நான்கு.

கறுத்த, மெலிந்த விரல்கள். நகக்கண்ணில் காய்ந்த சேறு. வெளியே ஆள் இல்லை. கை மட்டும். விளிம்பைப் பிடித்து இறுக்கியது. துர்கா மாவு வைத்து அடைத்த கோடுகள், அதே இடத்தில், அவர் கண் முன்னே பிய்ந்தன.

"நைனா?" என்றார்.

கிறீச்.

பக்கத்தில் சீட்டு அமுங்கியது. கனமாக. ஒரு ஆள் கனம் இல்லை. அதற்கும் மேல்.

கை இன்னும் வெளியேதான் இருந்தது. கனம் உள்ளே இருந்தது.

மூச்சு.

ஹ்ம்... ஹ்ம்... ஹ்ம்ம்ம்...

பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தன் பிள்ளை பிறந்த அன்று, மூடிய கதவுக்கு வெளியே நின்று கேட்ட சத்தம்.

ஆம்பளை மூச்சு இல்லை.

திரும்ப முடியவில்லை. கண்ணோரத்தில், ஈரமாக, ஏதோ சரிந்தது.

அவர் தோளில் ஒரு தலை சாய்ந்தது.

சில்லென்று.

"பெரியவரே! பெரியவரே!" துர்கா கதவை இழுத்துத் திறந்தாள். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பஸ் ஹாரன் அடித்தது. அவரைக் கைத்தாங்கலாக இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். சட்டைத் தோளில் எண்ணெய் வட்டம்.

"யாருங்க அது?" என்றாள். "வாசல்லேர்ந்து பார்த்தேன். பின்கண்ணாடியில ரெண்டு தலை தெரிஞ்சுது. ஒண்ணு உங்களது. இன்னொண்ணு... கொண்டை போட்டிருந்துது."

வேதாசலம் சட்டையை மாற்றிக்கொண்டு நாலு மணி ரயிலைப் பிடித்தார். இறங்கிய இடம் மணவூர்.

மணவூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் அண்ணி தாயம்மாள் இருந்தாள். நாற்பத்திரண்டு வருஷமாக மிதிக்காத அண்ணன் வீட்டுப் படி. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அவன் ஏன் கருப்பு அடிச்சான்?"

தாயம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்க தம்பி. சாவுக்கு வராத மனுஷன், கலரக் கேட்டு வந்திருக்கீங்க. செருப்ப கழட்டிட்டு உள்ள வாங்க."

"ஏன் அடிச்சான்னு கேட்டேன்."

"கழட்டிட்டு வாங்கன்னேன்."

கழற்றினார். உள்ளே போனார். அவள் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"தொடாதீங்கன்னு சொன்னேனே."

"யார் அது?"

"காஞ்சனா. நம்ம கழனியில நாத்து நட்டுகினு இருந்த பொண்ணு. காலனிப் பொண்ணு. பத்தொன்பது வயசு. தலைச்சன் புள்ளத்தாச்சி."

அவர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மெட்ராசுக்குத் துணி எடுக்கப் போயிருந்தீங்க. கல்யாணத்துக்கு மூணு நாள். சேத்துலயே வலி வந்துடுச்சு. உச்சந்தலையில விளக்கெண்ணெய வெச்சு, ரெண்டு பேர் தூக்கிகினு வாசலுக்கு வந்தாங்க. உங்க அண்ணன் வண்டிய ஸ்டார்ட் பண்ணி, டிரைவர் சீட்டுல உக்காந்துட்டாரு. கண்ணாடி எறங்கி இருந்துது. அவ வெளிய நின்னுகினு அத புடிச்சுகினா. உங்க நைனா சுவர் மாதிரி குறுக்க நின்னாரு."

"அண்ணி, பார்த்துப் பேசுங்க."

"பார்த்ததத்தான் பேசறேன்! ரெண்டு கண்ணால பார்த்தேன். 'புள்ள கல்யாணத்துக்குப் போட்ட சீட்டு. சேறும் எண்ணெயும் தீட்டுமா இவள எங்க ஏத்தறது'ன்னாரு. கைக்கடிகாரத்தப் பார்த்தாரு. 'பன்னெண்டு நாப்பது. பஸ் வர்ற நேரம்தான். பஸ்ஸுல ஏத்துங்க'ன்னாரு."

"நைனா பத்துப் பிரசவத்துக்கு..."

"ஆங். பத்து. பத்தும் நம்ம தெரு."

ஒரு ரயில் நிற்காமல் போயிற்று.

"பஸ் வரல. நம்ம வாசல்லயே போயிட்டா. வயித்துல இருந்ததும் சேர்ந்து. வெரலப் பிரிக்க முடியல தம்பி. ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தாங்க."

"அப்ப சீட்டுல இருக்கறது... அவ தலை பட்ட கறையா?"

தாயம்மாள் அவரை நேராகப் பார்த்தாள்.

"இன்னா கேக்கறீங்க? அவ அந்த வண்டியில ஏறவே இல்லியே."

வேதாசலத்தின் கையிலிருந்து தம்ளர் விழுந்து உருண்டது.

"உங்க கல்யாணம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து வந்துது. துடைச்சாலும் வந்துது. அதப் பார்த்துட்டு உங்க நைனா அந்த வண்டியில ஏறவே இல்ல. பேச்சும் நின்னு போச்சு. வெளிய தெரிஞ்சா குடும்பப் பேரு போயிடும்னு உங்க அண்ணன் கருப்பு அடிச்சாரு. நீங்க ஏசினதெல்லாம் வாங்கிகினாரு. தம்பி நைனாவ சாமியா நினைச்சுகினு கீறான், அப்டியே இருக்கட்டும்னாரு."

வேதாசலம் எழுந்தார். யார் மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் எல்லார் மேலும் வந்தது. செத்துப்போன நைனா மேல், சொல்லாமல் செத்த அண்ணன் மேல், இப்போது சொன்ன இவள் மேல். வேட்டி வைத்து, மாலை போட்டு, ஊர் பார்க்க யார் காலில் விழுந்தோம் என்பது நினைவுக்கு வந்தபோது உடம்பு எரிந்தது.

"கருப்பு அடிச்சா போயிடுமா?" என்றார்.

"போகும்" என்றாள் தாயம்மாள். "வண்டிய விட்டுப் போகும்."

அவள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் படியிறங்கிவிட்டார். ஸ்டேஷனிலிருந்தே துர்காவுக்குப் போன் போட்டார். மணி ஏழு பத்து. "கருப்பு அடிச்சிடு. எல்லாத்துலயும். ஒரு எடம் விடாத."

சனிக்கிழமை கருப்பு அடித்தாள். பன்னிரண்டு நாற்பது வந்தது. போயிற்று. வாசனை இல்லை. சத்தம் இல்லை. ஒரு கண்கூட விடவில்லை. கருப்பு கண்ணாடி மாதிரி நின்றது.

"நின்னுடுச்சு பெரியவரே" என்றாள் துர்கா. அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

ஞாயிறு சாயங்காலம் ஆறு நாற்பது. நாதஸ்வரமும் வாணமுமாக மாப்பிள்ளை அழைப்பு மண்டபத்து வாசலுக்கு வந்தது. மாப்பிள்ளை காரின் முன்சீட்டிலிருந்து இறங்கினார். பட்டு வேட்டி சட்டையில் ஒரு கறை இல்லை. ஆரத்தி எடுத்தார்கள். வேதாசலம் நிமிர்ந்து நின்றார்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் காரைத் தட்டிக் கொடுத்துவிட்டு உரக்கச் சொன்னார்: "இது சாதாரண வண்டியா? வேதாசலம் நைனா எத்தனை பொம்பளைங்களுக்குப் பிரசவம் பார்க்கக் கொண்டு போன வண்டி! கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாரு மனுஷன். பேதம் பார்த்ததே கிடையாது. இன்னாப்பா, நான் சொல்றது?"

சம்பந்தி வீட்டார் எல்லாரும் வேதாசலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். யுவஸ்ரீயும் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டாம், பேசாமலாவது இருந்திருக்கலாம்.

"ஆங்" என்றார் வேதாசலம். "எங்க நைனா யாரையும் ஏத்தாம விட்டதில்ல."

பின்கழுத்தில் சில்லென்றது.

யாரோ பின்னாலிருந்து தலை சாய்த்த மாதிரி. கனம். வாசனை...

திரும்பினார். யாரும் இல்லை.

"தாத்தா, புதுச் சட்டையில என்ன எண்ணெய்?" யுவஸ்ரீ அவர் காலரைத் தொட வந்தாள். அவர் விலகினார். அன்று காலையில் பெட்டியிலிருந்து பிரித்த சட்டை. அவர் காரில் ஏறக்கூட இல்லை. நடந்துதான் வந்திருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாயம்மாள் வந்தாள். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டு விசேஷத்துக்கு அன்றைக்குத்தான் வந்திருந்தாள். அவர் காலரைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. கையிலிருந்த துணிப்பையிலிருந்து மடித்த துண்டு ஒன்றை எடுத்து, தூணோரமாக அவரை இழுத்து, அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டாள்.

"வெள்ளிக்கிழம சொல்ல வந்தேன். நீங்க நிக்கல" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ஒரு நாளைக்கு ரெண்டு துண்டு வேணும். பன்னெண்டே முக்காலுக்கு ஒண்ணு மாத்தணும். இத மறைச்ச நாள்லேர்ந்து உங்க அண்ணன் துண்டு இல்லாம வெளிய போனதே இல்ல. ஏன்னு யாரும் கேக்கல."

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. அவள் அது அடங்குகிறவரை பொறுத்தாள்.

"ஏழு மாசம் முன்னாடி அவரப் பாடையில வெச்சு எடுத்தப்பவும் துண்டு ஈரமாத்தான் இருந்துது, தம்பி."